கடல் நடுவே ஒரு கங்கணம்

பசிபிக் சமுத்திரத்தின் படத்தை விரித்து நோக்குவோர் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது நீலநிறம் ஒன்றே. யப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் விரலை வைத்து, அங்கிருந்து நேர் தெற்கே ஏறத்தாழ 1,800 மைல் தூரம் இறங்கி வந்தால், அச்சுப் பிழையோ என ஐயுறத்தக்க சில புள்ளிகள் தென்படும். பல படங்களில் அவையும் இரா. அப்புள்ளிகளின் பெயர் உலித்தி.

கரோலின் தீவுக் கூட்டத்தின் மேற்குக் கோடியிலே கிடக்கும் இத்தீவுகளுக்குக் குவாம் 420 மைலுக்கு அப்பால் உள்ளது. பிலிப்பைன் தீவுகளின் கரை ஏறத்தாழ 950 மைலுக்கு அப்பால் உள்ளது. நாற்பது வரையிலான தீவுத் துண்டுகளையும் ஒருங்கே சேர்த்தாலும் நிலப்பரப்பு இரண்டு சதுர மைலை எட்டாது. இத்துணைச் சிறிய இடத்திலே, 1945ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி 647 கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன என்றால் நம்புதல் அரிது. ஆயினும் அது நடந்தது. அவை எவ்வாறு வந்தன, எதற்காக வந்தன, அவை போனபின் அங்குள்ள மக்களுக்கு எஞ்சியது யாது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

முருகைக்கல் கட்டிய வளையம்

உலித்தி ஒரு தனித் தீவன்று. பல தீவுகள் கோத்த வளையம். கையில் அணியும் கங்கணத்தைக் கடல்மீது வைத்தாற்போல ஒரு முருகைக்கற்பார் வட்டமிட்டுக் கிடக்க, அதன் விளிம்பிலே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்னை வளர்ந்த மணற்றிட்டுகள் நிற்கின்றன. இதனாலேயே பூகோள நூலார் இவ்வகைத் தீவுகளுக்குக் கங்கணத் தீவு என்று பெயரிட்டனர். வளையத்தின் நடுவே அடங்கிய நீர்ப்பரப்பே களப்பு.

இவ்வளையம் உண்டான விதத்தைச் சாள்ஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆதியிலே அவ்விடத்தில் ஓர் எரிமலை கடலினின்று எழுந்து நின்றது. அதன் கரையோரத்து ஆழமற்ற வெந்நிலக் கடலில் முருகைப் பூச்சிகள் கற்பார் கட்டின. காலப்போக்கில் மலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மலை தாழத் தாழ, வெளிச்சத்தை நாடும் முருகைப் பூச்சிகள் மேன்மேலும் கட்டிக்கொண்டே வந்தன. இறுதியில் மலை முற்றாக மறைந்தது. அதனைச் சூழ்ந்திருந்த வளையம் மாத்திரம் எஞ்சியது. டார்வினின் ஊகம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே மெய்ப்பிக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டில் மார்ஷல் தீவுகளிலுள்ள எனிவெற்றொக் என்னும் கங்கணத் தீவைத் துளையிட்டுப் பார்த்தபோது, நாலாயிரம் அடிக்கும் மேற்பட்ட முருகைக் கல்லுக்குக் கீழே எரிமலைப் பாறை அகப்பட்டது.

உலித்தியின் களப்பு நீளத்தில் ஏறக்குறைய 22 மைலும் அகலத்தில் ஏறக்குறைய 15 மைலும் உள்ளது. பெரும்பகுதியில் ஆழம் 80 முதல் 100 அடி வரை. பெருங் கப்பல்கள் அடிதட்டாமல் மிதப்பதற்கு இது போதும். அவற்றின் நங்கூரம் நிலத்தை எட்டுவதற்கும் இது பொருந்தும். வெளிக்கடலின் பேரலைகளைக் கற்பார் தடுத்து நிறுத்திவிடும். கப்பல் புகுவதற்கு வேண்டிய வாய்கள் கற்பாரின் இடையிடையே உண்டு. பொறியியலாளர் எவரும் கட்டாமல், கணக்கற்ற சிற்றுயிர்கள் தம் எலும்புக்கூட்டால் கட்டிவைத்த துறைமுகம் இது.

தொலைவு என்பது யாருக்கு?

உலித்தியைப் பற்றி எழுதும் வெளிநாட்டார் யாவரும் அதனைத் தொலைவிலுள்ள தீவு என்றே வருணிப்பர். அங்கே பிறந்தவர்களுக்கு அது தொலைவன்று; அதுவே நடு. மேற்கே 120 மைல் தூரத்தில் யாப் என்னும் பெருந்தீவு இருக்கின்றது. கிழக்கே பல நூறு மைலுக்கு வேறு கங்கணத் தீவுகள் வரிசையாக உள்ளன. அத்தீவினர் யாவரும் முற்காலத்தில் பாய்மரத் தோணிகளில் உலித்திக்கு வந்து கூடி, அங்கிருந்து உலித்தியாரின் தலைமையில் யாப்பிலுள்ள ககில் என்னும் பகுதிக்குத் திறைப்பொருள் கொண்டுசெல்வர். நெய்த துணி, தென்னந்தும்புக் கயிறு, பாய் ஆகியவற்றைக் கொடுத்து, மஞ்சள், மரம், உணவுப்பொருள் முதலிய, மணற்றீவில் விளையாதவற்றைப் பெற்று மீள்வர். சூறாவளி ஒரு தீவை அழித்தால் மற்றத் தீவினர் கைகொடுப்பர். உடுக்கணங்களையும் அலையின் போக்கையும் அறிந்த மாலுமிகளுக்குக் கடல் ஒரு தடையாக இருக்கவில்லை, வீதியாகவே இருந்தது.

தீவு வாழ்க்கை எளிதென எண்ணலாகாது. முருகை மணலிலே ஆறு இல்லை. பெய்த மழை மணலினூடு இறங்கிக் கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அந்த நன்னீர்ப் படையை நம்பியே மக்கள் பள்ளம் தோண்டிச் சேம்பு நடுகின்றனர். ஈரப்பலாவும் தென்னையும் அதனாலேயே நிலைக்கின்றன. உப்புநீர் ஒருமுறை பள்ளத்தினுட் புகுந்தால் அப்பயிர் கெட்டு, மண் தேறுவதற்கு ஆண்டுகள் செல்லும். பெண்கள் வாழைநாரையும் செம்பரத்தை இனத்து மரநாரையும் கொண்டு தறியிலே உடைத்துணி நெய்வர். ஆடவர் களப்பிலே மீன் பிடிப்பர். நிலம் கையளவு, ஆகவே களப்பே அவர்களுக்கு வயல்.

தீவுகளுள் மொக்மொக் என்பதற்கு மதிப்பு மிகுதி. உலித்தி முழுவதற்கும் தலைவராவார் அத்தீவினின்றே வருவார் என்பது வழிவழி வந்த முறை.

கொடிகள் மாறின

வெளியுலகம் உலித்தியை நாடி வந்தபோதெல்லாம் தன் தேவையை முன்னிட்டே வந்தது. 1731ஆம் ஆண்டில் கன்டோவா என்னும் கத்தோலிக்கக் குருவானவர் சமயம் பரப்ப வந்து, அவ்வாண்டிலேயே மொக்மொக்கில் கொலையுண்டார். அதன்பின் நெடுங்காலம் தீவினர் தம்போக்கில் வாழ்ந்தனர். 1899ஆம் ஆண்டில், அமெரிக்காவுடன் செய்த போரிலே தோற்ற ஸ்பெயின், கரோலின் தீவுகளை ஜேர்மனிக்கு விற்றது. 1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டதும் யப்பான் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டது. பின்னர் சர்வதேச சங்கம் அவற்றின் ஆட்சிப் பொறுப்பை யப்பானிடமே ஒப்படைத்தது. இந்த விற்பனையிலும் ஒப்படைப்பிலும் உலித்தியாரின் கருத்தை எவரும் கேட்டறியவில்லை.

இரண்டாம் உலகப் போரிலே யப்பானியர் உலித்தியில் வானிலை அறியும் நிலையமும் வானொலி நிலையமும் வைத்திருந்தனர். கடல் விமானங்களும் இடைக்கிடை வந்து தங்கின. ஆயினும் 1944ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே அவர்கள் அத்தீவைக் கைவிட்டுவிட்டனர். அதன் களப்பின் அருமையை அவர்கள் முழுமையாகப் பயன்கொள்ளவில்லை.

வெடியோசை கேளாத வெற்றி

பசிபிக் போரைப் பற்றிப் படித்த மாணவர்களுக்குத் தாரவா, பெலெலியு என்னும் பெயர்கள் தெரிந்திருக்கும். 1943 நவம்பரில் தாரவாவின் ஒரு சிறு தீவுக்காக மூன்று நாளிலே ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கரும், நாலாயிரத்துக்கு மேற்பட்ட யப்பானியரும் கொரியரும் மாண்டனர். 1944 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய பெலெலியுப் போர் நவம்பர் இறுதிவரை நீடித்து, பதினாயிரத்துக்கு மேற்பட்ட யப்பானியரைப் பலிகொண்டது.

அதே செப்டெம்பர் மாதத்திலே, பெலெலியுவில் இரத்தம் ஆறாக ஓடிக்கொண்டிருந்த நாள்களிலே, அமெரிக்கத் தரைப்படையின் 81ஆம் பிரிவைச் சேர்ந்த ஒரு படையணி உலித்திக்கு அனுப்பப்பட்டது. 20ஆம் திகதி முதல் 23ஆம் திகதி வரை அவர்கள் தீவு தீவாக இறங்கினர். எதிர்ப்போர் எவரும் இல்லை. பகைவர் விட்டுச்சென்றவை கடலினுள் மிதந்த கண்ணிவெடிகளே. அவற்றை வாரும் பணியில் ஈடுபட்ட சிறு கப்பல் ஒன்று அக்டோபர் முதலாந் திகதி வெடியில் சிக்கி மூழ்கியது.

அளவை செய்யும் கப்பல் ஒன்று களப்பை ஆராய்ந்து, எழுநூறு கப்பல்கள் இங்கே நங்கூரமிடலாம் என்று அறிவித்தது. ஹவாயிலுள்ள பேர்ள் துறைமுகம் இங்கிருந்து நாலாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்திலிருந்தது. பழுதுபட்ட கப்பல் ஒன்று அங்கே சென்று திரும்புவதாயின் வாரக்கணக்கில் நாட்கள் கழிந்துவிடும். போர்முனைக்கு அருகிலே துறைமுகம் தேவைப்பட்டவர்களுக்குக் களப்பு ஆயத்தமாகக் கிடைத்தது. விலைகொடாது பெற்ற உலித்தி, பேருயிர்ச்சேதத்தின்பின் பெற்ற பல தீவுகளிலும் கூடிய பயனை அளித்தது என்பதைப் போர் வரலாற்றைக் கற்போர் ஊன்றி நோக்குதல் தகும்.

மிதக்கும் பட்டணம்

நிலத்தில் இடமில்லாத இடத்திலே கடற்றளம் அமைப்பது எங்ஙனம்? தளத்தையே கப்பல்களில் ஏற்றிக் கொண்டுவருவதே வழி. கொமடோர் கார்ட்டர் என்பவரின் தலைமையிலிருந்த பத்தாம் சேவைக் கப்பலணி 1944 அக்டோபரில் எனிவெற்றொக்கிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. அதிலே பழுது பார்க்கும் கப்பல்கள் இருந்தன. கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக வடிக்கும் கப்பல்கள் இருந்தன. வெடிமருந்துக் கப்பல்கள், உணவுக் கப்பல்கள், வைத்தியசாலைக் கப்பல்கள், இழுவைப் படகுகள் இருந்தன. பாண் சுடுவதற்கும் ஐஸ்கிறீம் செய்வதற்குங்கூட மிதவைகள் இருந்தன. எல்லாவற்றிலும் வியப்புக்குரியவை மிதக்கும் கப்பற்றிருத்தகங்கள். துண்டு துண்டாக இழுத்துவரப்பட்டு ஒன்றிணைக்கப்பட்ட அவை, நீரை உள்ளே வாங்கித் தாழ்ந்து, பழுதுபட்ட கப்பல் மேலே வந்ததும் நீரை வெளியேற்றி எழும். கப்பல் அப்படியே நீருக்கு வெளியே தூக்கப்பட்டு நிற்கும்.

எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எரிபொருளை உலித்திக்குக் கொண்டுவந்தன. வேறு எண்ணெய்க் கப்பல்கள் அதனைப் பெற்றுச் சென்று, நடுக்கடலிலே போர்க்கப்பல்களுக்கு ஊட்டின. பீரங்கிகளின் முழக்கமே செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஆனால் பீரங்கி முழங்குவதற்கு முன் எண்ணெயும் குண்டும் பாணும் குடிநீரும் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து வரவேண்டியிருந்தது. லேயிற்றே, ஈவோ ஜீமா, ஒக்கினாவா முதலிய போர்கள் யாவற்றுக்கும் உலித்தி பின்னின்று உயிரூட்டியது. படையினர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தாம் நிற்கும் இடத்தைக் குறிப்பிடலாகாது. ஆகவே உலகம் அப்பெயரை அறியாதிருந்தது.

கட்டுமானப் படையினர் பலலொப் என்னும் தீவிலே விமான ஓடுதளம் அமைத்தனர். அதன் நீளம் 3,500 அடி. தீவின் அகலம் அதற்குப் போதாமையால் இரு முனைகளிலும் கடலைச் சிறிது தூர்த்து நீட்டினர். தீவே ஓடுதளமாயிற்று எனலாம். அசோர் தீவிலே தலைமையகம் அமைந்தது. சொர்லென் தீவிலே சிறு படகுகளைத் திருத்தும் பட்டறைகள் எழுந்தன.

மொக்மொக்கின் குடிகள்

எஞ்சியது மொக்மொக். மாதக்கணக்கில் இரும்புச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த கடற்படையினர் மணலில் கால்வைத்து இளைப்பாற ஓரிடம் வேண்டுமெனக் கருதிய அதிகாரிகள், அத்தீவையே தேர்ந்தனர். தீவின் மன்னரோடு பேசி, குடிகள் யாவரும் களப்பின் கிழக்குப்புறத்திலுள்ள பசராய் என்னும் தீவுக்குப் பெயர்ந்தனர். அத்தீவுக்குட் படையினர் செல்லாதவாறு தடையும் விதிக்கப்பட்டது. வன்முறை எதுவும் நிகழவில்லை. ஆயினும் வெல்லும் படை கேட்கும்போது மறுக்கும் நிலையில் ஏறத்தாழ நானூறு பேரே கொண்ட ஒரு சமுதாயம் இருந்ததா என்பதை வாசகரே சிந்தித்துக்கொள்ளலாம்.

தலைவரின் தீவு, நாளொன்றுக்கு எட்டாயிரம் படையினரும் ஆயிரம் அதிகாரிகளும் வந்து போகும் விளையாட்டிடமாக மாறியது. ஆயிரத்து இருநூறு பேர் அமரத்தக்க படமாளிகை ஒன்று இருபதே நாளிற் கட்டி முடிக்கப்பட்டது. ஐந்நூறு பேருக்குரிய வழிபாட்டு மண்டபமும் எழுந்தது. தென்னை நிழலிலே படையினர் பந்தாடினர், பியர் அருந்தினர், கடலிலே நீந்தினர். அவர்களை நாம் குறைகூற இயலாது. அவர்களுட் பெரும்பாலோர் இருபது வயதினர். அடுத்த வாரம் அவர்களுள் யார் இருப்பார், யார் இரார் என்பது எவருக்கும் தெரியாது.

1944 டிசெம்பர் நடுப்பகுதியில் அட்மிரல் ஹோல்சியின் கப்பற்றொகுதி உலித்தியிலிருந்து பிலிப்பைன் கடலுக்குச் சென்றபோது, 18ஆம் திகதி கடுஞ் சூறாவளியிற் சிக்கியது. மூன்று நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 790 பேர் மாண்டனர். எஞ்சிய கப்பல்கள் நத்தாருக்கு முதல்நாள் களப்பினுள் மீண்டன. அவ்வழிவைப் பற்றிய விசாரணையும் உலித்தியிலே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலிலேயே நடைபெற்றது. பகைவரின் குண்டினால் அன்றிக் காற்றினாலும் கடலாலும் நேர்ந்த இழப்பு அது.

திருகோணமலையிலிருந்து வந்த கப்பல்கள்

இந்தக் களப்புக்கும் நமது கீழ்க்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையின் ஒரு பகுதி, பசிபிக் போரிற் பங்குகொள்ளுமாறு பிரிக்கப்பட்டது. இன்டொமிட்டபிள், இலஸ்றியஸ், விக்டோரியஸ், இன்டிபற்றிக்கபிள் என்னும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களும், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் பெயர் பூண்ட போர்க்கப்பலும், அவற்றுக்குத் துணையான கப்பல்களும் 1945 ஜனவரி 16ஆம் திகதி திருகோணமலையை விட்டு நீங்கின. வழியிலே சுமாத்திராத் தீவிலுள்ள பலெம்பாங் எண்ணெய் ஆலைகளை அம்மாதம் 24ஆம் திகதியும் 29ஆம் திகதியும் தாக்கின. பின்னர் அவுஸ்திரேலியாவை அடைந்து, மானுஸ் தீவு வழியாக மார்ச் 20ஆம் திகதி உலித்திக்கு வந்து சேர்ந்தன. மூன்று நாள் கழித்து ஒக்கினாவாப் போருக்குப் புறப்பட்டன.

திருகோணமலையில் குன்றுகள் சூழ்ந்த குடாவிலே நின்று பழகிய மாலுமிகள், குன்றொன்றும் இல்லாத இந்த நீர்வெளியிலே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கொடிமரங்களே காடுபோல் நிற்கக் கண்டனர்.

நீரினுள் வந்த மரணம்

கற்பார் அலையைத் தடுக்கும். மனிதனின் சூழ்ச்சியைத் தடுக்காது. 1944 நவம்பர் 20ஆம் திகதி விடியற்காலையிலே மிசிசினேவா என்னும் எண்ணெய்க் கப்பல் களப்பினுள் நின்றவாறே வெடித்துத் தீப்பற்றியது. அது கடலில் இறங்கிப் பணியேற்று ஆறு மாதமே ஆகியிருந்தது. அதிலே நாலு இலட்சம் கலனுக்கு மேற்பட்ட விமானப் பெற்றோலும் தொண்ணூறாயிரம் பீப்பாய் எரியெண்ணெயும் இருந்தன. களப்பின் நீரே தீயாக எரிந்தது. ஒரு சிறு கடல் விமானம் பறக்காமல் நீர்மேல் ஊர்ந்து சென்று, எரியும் எண்ணெயின் ஓரத்திலே தத்தளித்தோரைக் கயிற்றினால் இழுத்துக் காப்பாற்றியது. ஆயினும் 63 பேர் இறந்தனர்.

அதனைத் தாக்கியது கைட்டென் எனப்பட்ட புதிய ஆயுதம். டோர்ப்பிடோ ஒன்றினுள் ஒரு மனிதன் அமர்ந்து, தன் கையாலேயே அதனைச் செலுத்திப் பகைக் கப்பலில் மோதி, தானும் மடிவான். இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் அன்று ஐந்து கைட்டென்களை ஏவின. ஐவரும் திரும்பவில்லை. அவர்களுள் ஒருவர் நிஷினா செக்கியோ. இவ்வாயுதத்தைத் திட்டமிட்ட இருவருள் அவர் ஒருவர். மற்றவராகிய குரோக்கி ஹிரோஷி இரண்டு மாதத்துக்கு முன் பயிற்சியிலேயே இறந்துவிட்டார். தோழரின் சாம்பலைத் தம்முடன் எடுத்துக்கொண்டே நிஷினா சென்றார். பெரும் போர்க்கப்பல்கள் பல அழிந்தன என்று யப்பானியத் தளபதிகள் நம்பினர். உண்மையில் அழிந்தது ஓர் எண்ணெய்க் கப்பலே.

1945 மார்ச் 11ஆம் திகதி இரவு மற்றொரு தாக்குதல் நடந்தது. யப்பானின் தென்பகுதியிலுள்ள கனோயாவிலிருந்து 1,500 மைலுக்கு மேல் பறந்து வந்த தற்கொலை விமானங்களுள் ஒன்று, றன்டொல்ப் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் பின்புறத்தில் மோதியது. இருபத்தைந்துக்குக் குறையாத மாலுமிகள் இறந்தனர். மற்றொரு விமானம் சொர்லென் தீவைக் கப்பலென மயங்கி, அதன்மீது விழுந்து நொறுங்கியது. றன்டொல்ப் கப்பல் அக்களப்பிலேயே திருத்தப்பட்டு, ஒரு மாதம் நிறையுமுன் போர்முனைக்குச் சென்றது. உலித்தி எத்தகைய தளமாயிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கப்பல்கள் போனபின்

போர் வடக்கு நோக்கி நகர்ந்தது. 1945ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிலிப்பைன் தீவுகளிலுள்ள லேயிற்றேக் குடா பெருந் தளமாக அமையவே, உலித்தியின் கப்பல்கள் கூட்டங் கூட்டமாக நீங்கின. ஆகஸ்டில் யப்பான் சரணடைந்தது. ஓராண்டு நிறையுமுன் எழுந்த பட்டணம், எழுந்த வேகத்திலேயே கலைந்தது. மொக்மொக்கின் மக்கள் தம் தீவுக்கு மீண்டனர். 1947ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சியாக அத்தீவுகள் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டிலேயே மைக்குரோனேசியக் கூட்டாட்சி நாடுகள் என்னும் சுதந்திர நாடு முழு உரிமை பெற்றது. உலித்தி இன்று அந்நாட்டின் யாப் மாநிலத்தைச் சேர்ந்தது.

கப்பல்கள் போய்விட்டன, ஆனால் ஒன்று மாத்திரம் போகவில்லை. மிசிசினேவா தலைகீழாகக் கவிழ்ந்து களப்பின் அடியிலே கிடந்தது. தம்மீது சுமந்த எண்ணெயின் பெரும்பங்கை அதன் இரும்பு வயிறு அடக்கி வைத்திருந்தது. 2001 ஏப்ரலில் நீர்மூழ்குவோர் அதனைக் கண்டுபிடித்தனர். அவ்வாண்டிலேயே ஒரு புயலின்பின் எண்ணெய் கசிந்து மேலே மிதக்கத் தொடங்கிற்று. ஐம்பத்தேழு ஆண்டாக இரும்பு துருப்பிடித்துக்கொண்டே வந்தது; கொடிகள் மாறியதோ, போர் முடிந்ததோ அதற்குத் தெரியாது. களப்பையே வயலாகக் கொண்டோர்க்கு அது எத்தகைய அச்சம் என்பதை உழவர் குடும்பத்திற் பிறந்தோர் எளிதில் உணர்வர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மீண்டும் உலித்திக்கு வந்தது. இம்முறை எண்ணெயை நிரப்புவதற்கன்று, எடுப்பதற்கே. பதினேழு இலட்சம் கலனுக்கு மேற்பட்ட எண்ணெய் இறைத்து அகற்றப்பட்டது. கப்பலின் உடல் மாண்டவரின் கல்லறையாக அங்கேயே விடப்பட்டது.

சூறாவளிகளும் தீவை விடவில்லை. 1960 நவம்பர் இறுதியிலே ஒபீலியா எனப் பெயரிடப்பட்ட சூறாவளி வீடுகளையும் மரங்களையும் வாரிச் சென்றது. 2015ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி மைசாக் என்னும் சூறாவளி உலித்தியின்மீதே கடந்து சென்றது. பெரும்பாலான வீடுகள் அழிந்தன. சேம்புப் பள்ளங்களிலே கடல்நீர் புகுந்தது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்திலே, நன்னீர்ப் படையின்மேல் வாழும் மக்களுக்கு இது பெருங் கவலை.

இன்று ஆயிரத்துக்குக் குறைந்த மக்கள் பலலொப், மொக்மொக், அசோர், போர்க்காலத்திற் பசராய் எனப்பட்ட பெதராய் ஆகிய நான்கு தீவுகளில் வாழ்கின்றனர். பலலொப்பிலே புறத்தீவு மாணவர்களுக்கான உயர்தரப் பாடசாலை ஒன்று உண்டு. போரிலே அமைந்த ஓடுதளத்திலேயே சிறு விமானங்கள் வந்திறங்குகின்றன. பெண்கள் இன்றும் தறியிலே உடைத்துணி நெய்கின்றனர். மீன்வளம் குறையக் கண்ட ஊர்ப்பெரியோர், களப்பின் சில பகுதிகளிற் குறித்த காலம் மீன் பிடிக்கலாகாது என்னும் பழைய கட்டுப்பாட்டைப் புதுப்பித்துள்ளனர். களப்பின் அருமையை அளவுக் கப்பல் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

எழுநூறு கப்பல்களுக்கு இடமுண்டு என்பதே போர் கண்ட உலித்தி. அக்கணக்கிலே பிழையில்லை, ஆனால் அந்நீரை உண்டு வாழ்ந்த நானூறு பேர் அதிற் சேர்க்கப்படவில்லை. ஓராண்டுகூடத் தங்காத போரின் எச்சத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்களே காத்திருந்து சுமந்தனர். படத்திலே புள்ளியாகத் தோன்றும் இடங்களைப் பற்றிப் படிக்கும் மாணவர், அப்புள்ளியின் பயன் யாது என்று கேட்பதோடு அமையாது, அங்கே வாழ்வோர் யாவர் என்றும் கேட்டுப் பழகுதல் வேண்டும். பூகோளமும் சரித்திரமும் அந்த இரண்டாவது கேள்வியிலேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன.